நெடுநடையில் கைப்பேசி அணையாதிருக்க: அறிகுறியைப் பார்த்துக் கோளாறு நீக்கும் வழி

சிங்கப்பூரின் பீஷான் - அங் மோ கியோ பூங்காவின் ஆற்றங்கரைப் புல்மேட்டில் உட்கார்ந்தபோது மணி பன்னிரண்டைத் தாண்டியிருந்தது. ஜூரோங் லேக் கார்டன்ஸிலிருந்து கோனித் தீவு வரை 36 கிலோமீட்டர் செல்லும் ‘கோஸ்ட்-டு-கோஸ்ட்’ பாதையில் பாதியைக் கடந்திருந்தோம். எங்கள் ஞாயிற்றுக்கிழமை நடைக்குழுவில் வந்திருந்த அக்கா ஒருவரின் கைப்பேசியில் 4 விழுக்காடுதான் மிச்சம். அவர் பையில் 20,000 மில்லியாம்பியர்-மணி பவர் பேங்க் இருந்தது. அதன் நான்கு விளக்குகளும் எரிந்தன. ஆனால் கேபிளைச் செருகினால் மின்னல் குறி ஒரு கணம் தோன்றி மறைந்தது. “போன மாதம்தான் வாங்கினேன் தம்பி, அதற்குள் கெட்டுவிட்டது” என்றார். பணம் போன வருத்தத்தைவிட, மீதி வழியை எப்படிக் கடப்பது என்ற கலக்கமே அவர் முகத்தில் அதிகம் தெரிந்தது.

கைப்பேசியை அணைத்து, சார்ஜ் துளையைக் கீழ்நோக்கித் திருப்பி, பல்குத்தும் குச்சியால் ஓரத்தை மெல்ல நிமிண்டினேன். கம்பளித் துணிபோல் இறுகிய சாம்பல்நிறப் பஞ்சு ஒன்று, பாசிப்பருப்பு அளவில், வெளியே வந்து விழுந்தது. காற்சட்டைப் பையின் நூல்தூசி அது. கேபிளின் முனை ஒவ்வொரு முறையும் அதை உள்ளே தள்ளித் தள்ளி அடையாக்கியிருந்தது. மறுபடி செருகியபோது முனை ‘டக்’ என்று உட்கார்ந்தது. மின்னல் குறி நிலைத்து நின்றது.

சார்ஜ் நிற்கவில்லை என்றால் உடனே இன்னும் பெரிய பவர் பேங்க் வாங்கக் கிளம்பிவிடுகிறோம். வழியில் நான் கண்ட கோளாறுகளில் பெரும்பாலானவற்றுக்குப் பவர் பேங்கின் அளவு காரணமே இல்லை. கேபிள், அழுக்கு, வெயில், ஈரம், அலைவரிசைத் தேடல் ஆகிய ஐந்தில் ஏதோ ஒன்றுதான் காரணம். உங்களுக்கு நேர்ந்திருப்பது எது என்று கீழே பார்த்து, அங்கிருந்து தொடங்குங்கள். ஒரு நேரத்தில் ஒன்றை மட்டும் மாற்றிப் பாருங்கள். மூன்றை ஒன்றாக மாற்றினால் எது சரியாயிற்று என்று அடுத்த முறை தெரியாது.

பவர் பேங்கில் விளக்கு எரிகிறது. கைப்பேசியில் சார்ஜ் ஏறவில்லை

முதலில் கேபிளைச் சந்தேகியுங்கள். பவர் பேங்கைவிட, கைப்பேசியைவிட, விரைவில் சாகும் பொருள் அதுதான். முனைக்குச் சற்றுக் கீழே, கழுத்துப் பகுதியை இரு விரலால் பிடித்து இலேசாக இப்படியும் அப்படியும் வளையுங்கள். மின்னல் குறி வந்து வந்து போனால் உள்ளே கம்பி அறுந்திருக்கிறது; அதற்கு மருந்து இல்லை. உடன் நடப்பவரிடம் வேறு கேபிள் வாங்கிச் செருகிப் பார்ப்பது இன்னும் எளிது. கைப்பேசியைக் காற்சட்டைப் பையில் போட்டு, கேபிளை முதுகுப்பைக்கு இழுத்துவிட்டு நடப்பவர்களுக்குக் கழுத்து சீக்கிரம் அறும். ஒவ்வோர் அடிக்கும் அந்த இடம் மடிகிறது. சார்ஜ் துளைக்கும் கேடு. உட்கார்ந்திருக்கும்போது மட்டும் சார்ஜ் ஏற்றுங்கள் என்று எங்கள் குழுவில் ஒவ்வொரு வாரமும் சொல்கிறேன்.

கேபிள் நல்லது என்றால் துளையைப் பாருங்கள். முனை முழுதாக உள்ளே போகாமல் ஒரு நூலிழை இடைவெளி தெரிந்தால் உள்ளே அடை இருக்கிறது. மரக் குச்சி அல்லது பிளாஸ்டிக் குச்சி மட்டும் பயன்படுத்துங்கள். ஊசி, பின், சிம் எடுக்கும் கம்பி எதுவும் கூடாது. டைப்-சி துளையின் நடுவே மெல்லிய நாக்கு ஒன்று இருக்கும். அதைத் தொடாமல் ஓரத்தை மட்டும் சுரண்டுங்கள். வாயால் ஊதாதீர்கள். மூச்சில் ஈரம் இருக்கிறது.

அதற்குப் பிறகும் ஏறவில்லையா? பவர் பேங்கின் பொத்தானை ஒரு முறை அழுத்துங்கள். சில வகைகள் பொத்தானை அழுத்தினால்தான் விழிக்கும். பவர் பேங்கின் வேறு துளைக்கு மாற்றுங்கள். சில மலிவான வகைகளில் டைப்-சி துளை பவர் பேங்கை நிரப்ப மட்டுமே. அதிலிருந்து மின்சாரம் வெளியே வராது. பிறகு கைப்பேசியை ஒருமுறை அணைத்து ஏற்றுங்கள்.

இன்னொன்றைச் சொல்ல வேண்டும், பலருக்கு இது தெரிவதில்லை. இரு முனையும் டைப்-சியாக உள்ள கேபிளில் மின்சாரம் இரு பக்கமும் ஓடலாம். சில கைப்பேசிகள் பவர் பேங்கை வேறொரு கருவி என்று நினைத்துத் தம் மின்சாரத்தை அதற்கு ஊட்டத் தொடங்கிவிடும். விழுக்காடு கூடுவதற்குப் பதிலாகக் குறைந்துகொண்டே போனால் இதுதான். திரையை மேலிருந்து இழுத்து யுஎஸ்பி அறிவிப்பைத் தொட்டு, இந்தக் கருவிக்கே சார்ஜ் வேண்டும் என்று தேர்ந்தெடுங்கள். அல்லது கேபிளைப் பிடுங்கி, முதலில் பவர் பேங்கின் பொத்தானை அழுத்திவிட்டுச் செருகுங்கள்.

பாதி ஏறியதும் நின்றுவிடுகிறது, அல்லது ஆமைபோல் ஊர்கிறது

சிங்கப்பூரில் நடப்பவர்களுக்கு இதுதான் பெரிய தொல்லை. பல தயாரிப்பாளர்கள் கைப்பேசியைப் பயன்படுத்தத் தகுந்த சூழல் வெப்பம் 0 முதல் 35 பாகை செல்சியஸ் என்கிறார்கள். இங்கே நண்பகலில் நிழலிலேயே 31, 32 பாகையைச் சாதாரணமாகத் தொடுகிறது. அதாவது நாம் எப்போதும் விளிம்பில்தான் நடக்கிறோம். லித்தியம்-அயன் பேட்டரி சார்ஜ் ஏறும்போது தானும் சூடாகும். பவர் பேங்க் மின்சாரம் கொடுக்கும்போது அதுவும் சூடாகும். இரண்டையும் ஒரே அறையில், வியர்த்த முதுகோடு ஒட்டிய கருப்புப் பைக்குள் வைத்து வெயிலில் நடந்தால் என்ன ஆகும்? பேட்டரியைக் காப்பாற்றக் கைப்பேசி தானே சார்ஜை நிறுத்திவிடும், அல்லது 80 விழுக்காட்டோடு தடுத்து வைக்கும். அது கெட்டுப்போன அடையாளம் இல்லை. அதன் சொல்லைக் கேட்காமல் மறுபடி மறுபடி கேபிளைப் பிடுங்கிச் செருகுவதுதான் தவறு.

கைப்பேசியின் முதுகை மணிக்கட்டின் உட்புறத்தில் வைத்துப் பாருங்கள். வைக்க முடியாத சூடு என்றால் கேபிளைக் கழற்றுங்கள், உறையைக் கழற்றுங்கள், திரையை அணையுங்கள், நிழலில் காற்றுப்படும்படி பத்துப் பதினைந்து நிமிடம் வையுங்கள். குளிர்பான டின்னோடு ஒட்டி வைக்காதீர்கள். பனிக்கட்டிப் பையில் போடாதீர்கள். நம் ஊர்க் காற்றில் உள்ள ஈரம் குளிர்ந்த கண்ணாடியில் முத்து முத்தாகப் படிந்து உள்ளே இறங்கும். சூட்டால் தற்காலிகமாக நின்ற கருவியை ஈரத்தால் நிரந்தரமாக நிறுத்திவிடுவோம்.

எனக்குப் பழக்கமான ஏற்பாடு ஒன்று உண்டு. பழைய மலாயா ரயில் ஓடிய 24 கிலோமீட்டர் பாதையில் நடக்கும்போது, நிழலற்ற நீண்ட துண்டுகளில் சார்ஜ் ஏற்றவே மாட்டேன். காலை ஒன்பது மணிக்குள் ஒரு முறை. பிறகு உணவங்காடி நிலையத்தில் சாப்பிட உட்காரும்போது ஒரு முறை. மேசைமேல், மின்விசிறிக்கு நேர் கீழே, உறையில்லாமல், திரை கீழ்நோக்கி இருக்கும்படி வைத்துவிட்டு மீ கோரெங் வாங்கப் போகலாம். ஆனால் குழுவில் ஒருவர் மேசையில் இருக்க வேண்டும். 30 விழுக்காட்டிலிருந்து 80 வரை ஏறுவது வேகமாக நடக்கும். அதற்குமேல் கைப்பேசி வேண்டுமென்றே மெதுவாக வாங்கும். ஆகவே 100 வரை காத்திருந்து அரை மணி நேரத்தை வீணாக்க வேண்டாம். 80 ஆனதும் எழுந்து நடங்கள்.

காந்தத்தால் முதுகில் ஒட்டிக்கொள்ளும் கேபிளில்லாப் பவர் பேங்குகள் பார்க்க அழகாக இருக்கின்றன. நடைக்கு அவற்றை நான் பரிந்துரைக்க மாட்டேன். கேபிள் வழியைவிட அதிக மின்சாரம் அதில் வெப்பமாக வீணாகிறது; அந்த வெப்பம் கைப்பேசியின் முதுகிலேயே தங்குகிறது.

துளையில் ஈரம் என்று எச்சரிக்கை வருகிறது

மழைதான் காரணமாக இருக்க வேண்டும் என்பதில்லை. வியர்வை போதும். குளிரூட்டப்பட்ட எம்ஆர்டி ரயிலிலிருந்து இறங்கி வெளியே வந்ததும் படியும் பனியும் போதும். எச்சரிக்கையைத் தள்ளிவிட்டுச் சார்ஜ் ஏற்றாதீர்கள். ஈரத்தோடு மின்சாரம் பாய்ந்தால் துளையின் பொன்னிறத் தகடுகள் அரித்துக் கருக்கும். துளையைக் கீழ்நோக்கிப் பிடித்து உள்ளங்கையில் மெல்லத் தட்டி, காற்றில் வையுங்கள். அரை மணிக்குப் பிறகு முயலுங்கள். அரிசிக்குள் புதைக்க வேண்டாம். அதன் தூசும் உமியும் துளைக்குள் போகும். கேபிளின் முனையையும் துடைக்க மறக்காதீர்கள். பல நேரம் ஈரம் கைப்பேசியில் இருக்காது, கேபிளில்தான் இருக்கும்.

டிசம்பர், ஜனவரி மாத வடகிழக்குப் பருவமழைக் காலத்தில் பவர் பேங்கையும் கேபிளையும் இழுத்து மூடும் பிளாஸ்டிக் பையில் போட்டு எடுத்துச் செல்லுங்கள். கைப்பேசி நீர் புகாதது என்றாலும் பவர் பேங்க் பெரும்பாலும் அப்படிப்பட்டது இல்லை.

காலையில் 100, பத்து மணிக்கே 40

ஊகிக்க வேண்டாம். அமைப்புகளில் பேட்டரிப் பக்கத்தைத் திறந்தால் எந்தச் செயலி எவ்வளவு தின்றது என்று அதுவே காட்டும். திரை முதலிடத்தில் இருந்தால், வெயிலில் எழுத்துத் தெரிவதற்காகப் பிரகாசம் முழுதாக ஏறி நின்றிருக்கிறது. வரைபடத்தை எரியவிட்டபடியே நடப்பதை நிறுத்துங்கள். திருப்பம் வரும்போது மட்டும் பாருங்கள். வீட்டிலேயே வரைபடத்தைப் பதிவிறக்கி வையுங்கள். காணொளி எடுப்பது, இருப்பிடத்தைக் குடும்பத்தோடு இடைவிடாமல் பகிர்வது, பிள்ளைக்காகத் திறந்துவிட்ட ஹாட்ஸ்பாட் ஆகியவை அடுத்த குற்றவாளிகள்.

வடக்குக் கரையில் நடப்பவர்கள் இன்னொன்றைக் கவனிக்க வேண்டும். சுங்கை பூலோவிலிருந்து கிராஞ்சிப் பக்கம் நடந்த ஒரு நாளில், கைப்பேசி பையில்தான் கிடந்தது. ஒரு படம்கூட எடுக்கவில்லை. ஆனாலும் இரண்டு மணி நேரத்தில் பேட்டரி பாதியாகிவிட்டது. எடுத்துப் பார்த்தால் மலேசியாவுக்கு வரவேற்கும் குறுஞ்செய்திகள். நீரிணைக்கு அந்தப் பக்கம் ஜோகூர். அங்குள்ள கோபுரத்தின் அலை இங்கே வலுவாகப் படும் இடங்களில் கைப்பேசி ஒரு நாட்டையும் விடாமல் மறு நாட்டையும் விடாமல் தேடிக்கொண்டே இருக்கும். தேடுவதும், தொலைவிலுள்ள கோபுரத்தை எட்டுவதற்காக உரக்கப் பேசுவதும்தான் அதைக் களைப்பாக்குகின்றன. உட்லண்ட்ஸ், செம்பவாங் கரைகளிலும் புலாவ் உபின் தீவிலும் இப்படி நேரலாம். அமைப்புகளில் கைப்பேசிச் சேவை நிறுவனத்தைத் தானாகத் தேர்ந்தெடுக்கும் வசதியை நிறுத்தி, உங்கள் சிங்கப்பூர் நிறுவனத்தை நீங்களே தேர்ந்தெடுங்கள். ரோமிங்கில் இணையத்தை அணையுங்கள். பேட்டரியோடு கட்டணமும் தப்பும். வீடு திரும்பியதும் பழையபடி மாற்றிவிடுங்கள்.

அடர்ந்த காட்டுப் பாதையில் அலையே இல்லையென்றால் விமான முறைக்கு மாற்றுங்கள். இப்போதைய கைப்பேசிகளில் விமான முறையிலும் ஜிபிஎஸ் இயங்கும். பதிவிறக்கிய வரைபடத்தில் நீலப் புள்ளி நகரும். ஆனால் வீட்டார் அழைத்தால் கிடைக்காது. அதனால் முன்பே சொல்லிவைத்து, மணிக்கு ஒரு முறை அலையைத் திறந்து பார்க்கும் வழக்கத்தை வைத்துக்கொள்ளுங்கள். வயதானவர்கள் நடக்கப் போனால் இதை வீட்டில் சொல்லாமல் போகக் கூடாது.

10,000 என்று போட்டிருக்கிறது. இரண்டு முறைகூட ஏறவில்லை

உங்களை யாரும் ஏமாற்றியிருக்க வேண்டும் என்பதில்லை. பவர் பேங்கின் மேல் அச்சிட்ட 10,000 மில்லியாம்பியர்-மணி என்பது உள்ளே இருக்கும் 3.7 வோல்ட் பேட்டரியின் அளவு. 10 ஆம்பியர்-மணியை 3.7ஆல் பெருக்கினால் 37 வாட்-மணி. வெளியே அது 5 வோல்ட்டாக உயர்ந்து வருகிறது. உயர்த்தும்போதும் கேபிளிலும் கைப்பேசிக்குள்ளும் ஒரு பங்கு வெப்பமாகிப் போகிறது. கைக்கு வருவது ஏறக்குறைய 28 வாட்-மணி என்று வைத்துக்கொள்ளுங்கள். 5,000 மில்லியாம்பியர்-மணி பேட்டரி உள்ள கைப்பேசிக்கு 19 வாட்-மணி தேவை. ஆக, ஒன்றரை முறை. அட்டையில் சிறிய எழுத்தில் 5 வோல்ட்டுக்கான உண்மையான கொள்திறனும் அச்சிட்டிருக்கும். வாங்கும்போது அதைப் படியுங்கள்.

ஒரு நாள் நடைக்கு நல்ல 10,000 போதும் என்பது என் கருத்து. 20,000 சுமப்பவர்கள் அதை முழுதாகப் பயன்படுத்தி நான் பார்த்ததில்லை. தோள்வலியோடு வீட்டுக்குத் திருப்பி எடுத்துப் போவார்கள்.

ஒன்றரை முறைக்கும் மிகக் குறைவாக, அரை முறைதான் ஏறுகிறது என்றால், புறப்படுமுன் பவர் பேங்க் நிரம்பவே இல்லை. பழைய 5 வாட் சார்ஜரில் இரவு பதினொரு மணிக்குச் செருகினால் காலை ஆறு மணிக்கு அது நிரம்பியிருக்காது. 18 வாட்டுக்கு மேற்பட்ட சார்ஜர் பயன்படுத்துங்கள், அல்லது முந்தின நாள் மாலையிலேயே செருகுங்கள். சுவரில் உள்ள சுவிட்சைப் போட்டோமா என்றும் பாருங்கள். இரவெல்லாம் சுவிட்ச் அணைந்தே கிடந்ததைக் காலையில் கண்டவர்கள் எங்கள் குழுவிலேயே உண்டு.

25 விழுக்காடு காட்டும்போதே பட்டென்று அணைகிறது

பேட்டரி முதுமையடைந்துவிட்டது. கேமராவோ அழைப்போ திடீரென அதிக மின்சாரம் கேட்கும்போது அதன் வோல்ட் சரிந்து கைப்பேசி அணைகிறது. அமைப்புகளில் பேட்டரி நலம் 80 விழுக்காட்டுக்குக் கீழே இருந்தால் பேட்டரியை மாற்றுங்கள். புதுக் கைப்பேசி வாங்கத் தேவையில்லை. மாற்றும்வரை, 40 விழுக்காட்டையே அடிமட்டமாகக் கருதி நடங்கள்.

அவசரத்துக்கென்று பழைய பொத்தான் கைப்பேசியைப் பையில் வைத்திருப்பவர்கள் அதை ஒருமுறை சோதியுங்கள். சிங்கப்பூரில் 2ஜி சேவை 2017இலும் 3ஜி சேவை 2024இலும் நிறுத்தப்பட்டன. 4ஜியில் அழைப்பு போகாத கைப்பேசியை இனி நம்பிச் சுமக்க வேண்டாம்.

பவர் பேங்கின் வயிறு உப்பியிருக்கிறது

இதில் சோதனை எதுவும் வேண்டாம். பயன்படுத்துவதை அந்தக் கணமே நிறுத்துங்கள். அமுக்காதீர்கள், துளைக்காதீர்கள், இன்னொரு முறை சார்ஜ் ஏற்றிப் பார்க்காதீர்கள். உள்ளே வாயு சேர்ந்திருக்கிறது, தீப்பற்றக்கூடும். எரியும் பொருள் எதுவும் பக்கத்தில் இல்லாத இடத்தில் தனியாக வையுங்கள். வீவக (வீடமைப்பு வளர்ச்சிக் கழக) அடுக்குமாடி வீட்டின் குப்பைக் குழாயில் போடவே போடாதீர்கள். குழாயில் விழும்போதோ குப்பை லாரியில் நசுங்கும்போதோ அது தீயாகலாம். அங்கே வேலை செய்வது நம்மைப் போன்ற ஒரு மனிதர். மின்கழிவுச் சேகரிப்பில் சேதமடைந்த பேட்டரியை எப்படிக் கொடுப்பது என்று கேட்டுக் கொடுங்கள்.

கைக்கடிகாரமோ தலைவிளக்கோ சிறிது ஏறி நின்றுவிடுகிறது

அவை மிகக் குறைந்த மின்சாரம் கேட்பதால், எதுவும் செருகவில்லை என்று நினைத்துப் பவர் பேங்க் உறங்கிவிடுகிறது. பல வகைகளில் பொத்தானை இரண்டு முறை அழுத்தினால், அல்லது சற்று நேரம் அழுத்திப் பிடித்தால், குறைமின் முறைக்கு மாறும். அந்த வசதி இல்லையென்றால் கைப்பேசியையும் கூடவே செருகுங்கள்.

சூரியத் தகடு ஏறவே மாட்டேன் என்கிறது

மெக்ரிட்சி நீர்த்தேக்கக் காட்டின் மரநிழலில் ஏறாது. பவர் பேங்கின் முதுகில் ஒட்டிய கையகலத் தகடு நல்ல வெயிலிலும் ஒன்றிரண்டு வாட்தான் தரும். 37 வாட்-மணியை நிரப்பச் சில நாள் வெயில் வேண்டும். அதற்காகப் பவர் பேங்கை வெயிலில் காயவைத்தால் பேட்டரிதான் வேகும். வாங்க வேண்டாம்.

சிங்கப்பூருக்கு வெளியே, அல்லது மின்சாரம் இல்லாத இடத்தில்

புலாவ் உபின் நம் பொதுமின் கட்டமைப்போடு இணைக்கப்படாத தீவு. அங்கே கூடாரமடிப்பவர்கள் சாங்கியில் படகு ஏறுமுன்பே எல்லாவற்றையும் நிரப்பிக்கொள்ளுங்கள். கடைக்காரரிடம் கேட்காமல் அவர் ஜெனரேட்டர் மின்சாரத்தில் செருகாதீர்கள். மலேசியாவிலும் நம் மூன்று தட்டைக்கால் பிளக்தான். லேடாங் மலைக்கோ கினபாலுவுக்கோ தனி அடாப்டர் வேண்டாம். கினபாலுவின் உச்சி 4,095 மீட்டர். விடியற்காலையில் அங்கே நம் வெயிலுக்கு நேர்மாறான தொல்லை: குளிரில் பேட்டரி மந்தமாகி, 50 விழுக்காட்டிலும் கைப்பேசி அணையும். உள்சட்டைப் பையில் உடம்புச் சூட்டோடு வையுங்கள். அணைந்தாலும் சூடேறியதும் திரும்ப எழும். உறைநிலைக் குளிரில் மட்டும் சார்ஜ் ஏற்றாதீர்கள்.

விமானத்தில் பவர் பேங்க் கைப்பையில்தான் போக வேண்டும். 100 வாட்-மணி வரை தனி அனுமதி தேவையில்லை. 20,000 என்பது 74 வாட்-மணி, தடையில்லை. சிங்கப்பூர் ஏர்லைன்சும் ஸ்கூட்டும் 2025 ஏப்ரல் 1 முதல் பயணத்தின்போது பவர் பேங்கைப் பயன்படுத்தவோ நிரப்பவோ அனுமதிப்பதில்லை. ஆகவே இறங்கும்போது பேட்டரி நிறைந்திருக்கும்படி, ஏறுமுன்பே நிரப்பிக்கொள்ளுங்கள்.

எல்லாம் செய்தாயிற்று, 5 விழுக்காடுதான் இருக்கிறது

இனிக் கோளாறு தேடாதீர்கள். திரையின் பிரகாசத்தைத் தரைமட்டத்துக்கு இறக்குங்கள். இருக்கும் இடம், போகும் திசை, எத்தனை மணிக்குள் சேர்வோம் என்பதை ஒரே குறுஞ்செய்தியில் வீட்டுக்கு அனுப்புங்கள். வரைபடத்தைப் பார்த்து, அடுத்த பெரிய சாலையின் பெயரை மனத்தில் பதித்துக்கொள்ளுங்கள். பிறகு கைப்பேசியை முழுவதும் அணைத்துவிடுங்கள். அவசர உதவி எண்ணான 995ஐ அழைக்க வேண்டி வந்தால் அந்த 5 விழுக்காடு போதும். அணைக்காமல் அவ்வப்போது எடுத்துப் பார்த்தால் போதாது. ஆண்டு முழுவதும் இங்கே ஏழு மணியை ஒட்டிப் பொழுது சாயும், மரத்தடியில் அதற்கு முன்பே இருட்டும். ஐந்தரை மணி ஆகியிருந்தால் காட்டுக்குள் மேலே போகாமல் சாலைப் பக்கம் திரும்புங்கள்.

கைப்பேசி முழுதாக அணைந்துவிட்டால் எதிரே வருபவரிடம் கேட்டால் தருவார்கள். ஆனால் அழைக்க எண் வேண்டுமே. அன்று பீஷானில் அந்த அக்காவுக்குத் தம் மகளின் எண் நினைவில் இல்லை. இப்போது எங்கள் குழுவில் எல்லாரும் இரண்டு எண்களைப் பேனாவால் தாளில் எழுதி, ஈஸி-லிங்க் பயண அட்டையோடு சேர்த்து வைத்திருக்கிறோம்.